வாளிச் சத்தம்

நான் வளர்ந்த இல்லத்தில் ஒரு மரியாதை இருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. வந்து சேர்ந்த சில வாரங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தானாகப் படிந்துவிடும். ஒருத்தி அழுதால் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்காமல் இருப்பது மட்டும் போதாது. அவள் குளியலறைக்குள் போய் அழுதால், வெளியே நிற்பவள் வாளியைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட வேண்டும். அந்தச் சத்தத்தில் அழுகை வெளியே கேட்காது. அறுபது பேர் ஒரே கூடத்தில் பாய் விரிக்கிற இடத்தில் ஒருத்திக்கு இன்னொருத்தி கொடுக்க முடிந்த தனியறை அவ்வளவுதான். எனக்காகவும் எத்தனையோ முறை யாரோ வாளி நிரப்பியிருக்கிறார்கள். யாரென்று நான் எட்டிப் பார்த்ததில்லை. அதுவும் அந்த மரியாதையில் சேர்த்தி.

இல்லத்தை விட்டு வந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. இப்போது எனக்கு இருபத்தேழு வயது, பத்து மாதப் பெண் குழந்தை. முத்தையாபுரத்தில் இரண்டு அறை உள்ள வாடகை வீடு. கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறார். நான் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் சரக்கு ஆவணங்கள் தயாரித்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்காக விடுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு எழுத்துப் பிசகினால் கப்பலில் வந்த பெட்டி கரையில் கிடக்கும் என்று பயந்து பயந்து நாலு தரம் சரிபார்ப்பவள் நான். இப்போது அந்தப் பயமெல்லாம் குழந்தையின் மேல் இறங்கியிருக்கிறது. ஒரு தும்மலுக்குத் தெர்மாமீட்டரை எடுக்கிறேன். எடுத்தது அதிகப்படியோ என்று பிறகு யோசிக்கிறேன். ஆனால் இங்கே நான் எழுதப்போவதில் எனக்குச் சந்தேகமில்லை.

இல்லத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பார்வையாளர் நாள். உறவினர் வந்தால் வாட்ச்மேன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பெயர் கூப்பிடப்படாதவர்களை வார்டன் சமையலறைக்கு அனுப்பிச் சின்ன வெங்காயம் உரிக்க வைப்பார். கண்ணில் நீர் வந்தால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த அம்மா விவரமானவர். வெங்காயம் உரித்த கூட்டத்தில் தூத்துக்குடியிலேயே தங்கிவிட்ட நாங்கள் சிலர் வெளியே வந்த பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். இரண்டாம் ஞாயிறு ஒருத்தி வீட்டுக்கு மற்றவர்கள் பார்வையாளராகப் போவது. எனக்குக் கல்யாணமாகி வீடு அமைந்ததும் பெரும்பாலும் என் வீட்டுக்கே வந்தார்கள்.

அதில் முக்கியமானவள் என் வயதுத் தோழி ஒருத்தி. இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவாள். "ஏளா, ஒன் புருசன் வேலைக்குப் போயிட்டாரா? அப்ப நான் சத்தமா பேசலாம்" என்பாள். "இறால உரிச்சு உரிச்சு கைரேகையே அழிஞ்சு போச்சுளா. ரேசன் கடையில விரல வச்சா மிசினுக்கு நான் யாருன்னே தெரியல" என்று விரல்களை விரித்துக் காட்டிச் சிரிப்பாள்.

இன்னொருத்தி, போன ஜூனில் பதினெட்டு முடிந்து வெளியே வந்தவள். இல்லத்தில் பெரிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்னத் தலை உண்டு. பள்ளிக்கு அனுப்புமுன் பேன் பார்த்து, எண்ணெய் வைத்து, சடை பின்னிவிட வேண்டும். அவள் ஆறு வயதில் வந்து சேர்ந்தபோது அவள் தலை எனக்கு வந்தது. மூன்று வருடம் பின்னினேன். நான் வெளியேறிய அன்று ஒரு பக்கச் சடையை மட்டும் பின்னி முடித்திருந்தேன், ஆட்டோ வந்துவிட்டது. இப்போது அவள் நகரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்து, பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தாள். இல்லத்துக்காரர்களே இடம் வாங்கிக் கொடுத்து, சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டு, இரண்டு போர்வையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு இரண்டாம் ஞாயிறு அவள் மெலிந்து வந்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு எழுந்து குளியலறைக்குள் போனாள். கதவு சாத்திய சிறிது நேரத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. தோழியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தோழி உடனே கம்பெனியில் சூப்பர்வைசர் வழுக்கி விழுந்த கதையைக் குரல் உயர்த்திச் சொல்லத் தொடங்கினாள். நான் புழக்கடைக்குப் போய் வாளியை வைத்துக் குழாயைத் திறந்தேன். வாளி நிரம்பி வழிந்தது. கார்ப்பரேஷன் தண்ணீர் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொண்டாலும் மூடவில்லை. அவள் வெளியே வந்ததும் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன். பக்குவமாக நடந்துகொண்டோம் என்று எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. போன் செய்தால், "வேலை இருக்குக்கா, அடுத்த தடவ வாரேன்" என்றாள். படிக்கிற பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "ரெண்டு மாசமாவே ஒரு மாதிரியா இருக்கா. போன மாசம் வந்தப்ப அழுதா."

"ஏன் அழுதாளாம்?"

"கேக்கல."

குழந்தைக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "வீட்டுக்கு வந்து ஒரு பிள்ள அழுதிருக்கு. ரெண்டு பேரும் பக்கத்துல இருந்திருக்கிய. கேக்கலையா?"

"எப்படிங்க கேக்க? அது அவ விசயம்."

"நல்லா இருக்குளா ஒங்க நியாயம். எங்க வீட்டுல ரெண்டு தோசையோட எந்திரிச்சாலே அம்மா, அக்கா, சித்தி மூணு பேரும் சேந்து வயிறு சரியில்லையான்னு கேட்டே கொன்னுருவாவ."

அவர் நாசரேத்துப் பக்கம். கல்யாணமான புதிதில் அந்த வீட்டுக்குப் போனால் எனக்கு மூச்சு முட்டும். ஏன் முகம் வாடியிருக்கு, போனில் யாரு, சாப்பாடு ஏன் இறங்கலை என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருப்பார். உங்க அம்மா போலீஸ் மாதிரி விசாரிக்காவ என்று ஒருமுறை இவரிடம் அழுதிருக்கிறேன். இப்போது அந்தக் கேள்விகளை நினைத்துப் பார்த்தேன். கேட்பவருக்குப் பதில்கூட முக்கியமில்லை. நீ சாப்பிட்டது எத்தனை என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி மட்டும் வந்து சேர்ந்துவிடுகிறது. எனக்கு அது இருபத்தைந்து வயதில்தான் கிடைத்தது. கிடைத்தபோது என்னவென்று தெரியவில்லை.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். குழந்தைக்குச் சளி, வெயில், பஸ்ஸில் கூட்டம் என்று காரணங்கள் இருந்தன. புதன்கிழமை குழந்தைக்குத் தொப்பி மாட்டித் தூக்கிக்கொண்டு அவளுடைய விடுதிக்குப் போனேன். பொறுப்பாளர் அக்கா வாசலில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார்.

"லேப் டெக்னீசியன் பிள்ளையா? அது காலேஜுக்கு எங்க போவுது? காலைல உப்புக் கம்பெனி வேன்லல்லா ஏறிப் போவுது. மூணு வாரமாச்சு. அஞ்சரைக்கு அந்த முக்குல இறக்கிவிடுவான், இருந்து பாத்துட்டுப் போங்க."

முக்கில் ஒரு ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றேன். வேன் வந்தது. பாக்கெட் போடும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். கடைசியாக அவள். செருப்பிலும் துப்பட்டா ஓரத்திலும் உப்பு. விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கொண்டுபோனாள்.

"சாப்டியா?" என்றேன்.

"மத்தியானம் சாப்ட்டேன். பாப்பாவுக்குச் சளியா? ஏங்க்கா இந்த வெயில்ல தூக்கிட்டு வந்திய?"

அவள் கண் நிறைந்தது. என் கை தன்னிச்சையாகப் பையிலிருந்து கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டத் தொடங்கிவிட்டது. குழந்தை சிரித்தது. இருபது வருடப் பழக்கம். நான் அதைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"போன மாசம் எங்க வீட்டுல ஏன் அழுத?"

அவள் முகம் கோபமானது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"இப்பக் கேக்கியளாக்கும்? அன்னைக்குச் சொல்லணும்னுதான் வந்தேன். கேப்பியன்னு உள்ள எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? நீங்க குழாயத் தொறந்து விடுதிய."

"நீ அழுறது வெளிய கேக்கக் கூடாதேன்னுதான்..."

"கேக்கணும்னுதான்க்கா அழுதேன்."

ஜெராக்ஸ் கடைக்காரர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அவருக்கும் கேட்க வேண்டியிருந்தது போலும். நாங்கள் கொஞ்சம் தள்ளிப்போய் ஒரு திட்டில் உட்கார்ந்தோம். அவள் சொன்னாள்.

இரண்டு மாதத்துக்கு முன் காய்ச்சல் வந்து பதினைந்து நாள் விடுதியில் கிடந்திருக்கிறாள். அரசு ஆஸ்பத்திரிக்குத் தானாகவே போய் ஓபி சீட்டு போட்டு மாத்திரை வாங்கியிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பிப் போனபோது, சொல்லாமல் லீவு எடுத்ததால் அப்பாவையோ அம்மாவையோ கூட்டி வந்து எழுதிக் கொடுத்தால்தான் வகுப்பில் உட்காரலாம் என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அலுவலகச் சன்னலில், மற்ற பிள்ளைகளுக்கு முன்னால்.

"ஹோமுக்குப் போய் வார்டனக் கூப்பிட்டிருக்கலாமே?"

அவள் தலையைக் குனிந்தாள். "கிளாசுல எல்லார்ட்டயும் அப்பா துபாயில இருக்காவன்னு சொல்லிருக்கேன்க்கா. அம்மா ஸ்ரீவைகுண்டத்துல வயலப் பாத்துக்கிடுதாவன்னு. காயல்பட்டணத்துப் பிள்ள ஒண்ணு, அவ அப்பாவும் அங்கனதான். ஒங்கப்பா எந்த ஏரியான்னு கேட்டா. மேப்பைப் பாத்து ஒண்ணு சொன்னேன்."

வார்டன் வந்து நின்றால் துபாயும் வயலும் ஒரே நாளில் போய்விடும். பெற்றோரைக் கொண்டுபோகவும் வழியில்லை. கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். விடுதியில் சும்மா உட்கார்ந்திருந்தால் கேட்பார்களே என்று உப்பு வேனில் ஏறினாள். வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் பரீட்சைக்குப் பெயர் போகாது. பெயர் போகாவிட்டால் வருடம் போச்சு. அன்று புதன்.

"நான் வாரேன்" என்றேன்.

"யாருன்னு சொல்லுவிய? சித்தின்னு சொல்லுங்க. அம்மாவால அறுப்ப விட்டுட்டு வர முடியலன்னு சொல்லுங்க."

"எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது. நீ என்னைய என்னன்னு கூப்பிடுத?"

"அக்கான்னு."

"அதச் சொல்லுதேன்."

வியாழக்கிழமை முழுவதும் எனக்குள் வழக்கு நடந்தது. அவளுக்கு அப்பா எங்கே என்று கேட்டால்? தெரியாது என்றால் அவளைக் காட்டிக்கொடுத்ததாகும். துபாய் என்றால் பொய். இருபத்தேழு வயதில் ஒருத்தி பாதுகாவலர் என்று நின்றால் ஒப்புக்கொள்வார்களா? வார்டனிடம் முதலில் சொல்லாமல் போவது முறையா? குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம் தவறினால்? வெள்ளிக்கிழமை காலையில் பரிதாபமாகக் கணவரைப் பார்த்தேன். "போயிட்டு வா. அவுக ஒண்ணும் கேக்கலன்னாத்தான் தப்பு" என்று அரை நாள் லீவு போட்டுக்கொண்டு என்னையும் குழந்தையையும் பைக்கில் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டார்.

அலுவலகத்தில் ஒரு வயதான எழுத்தர் இருந்தார். விடுதியிலிருந்து வந்து காத்திருந்த அவளைக் குழந்தையோடு வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போனேன்.

"அண்ணாச்சி, காய்ச்சல்னு லீவு எடுத்த பிள்ளைக்கு எழுதிக் குடுக்க வந்திருக்கேன்."

"நீங்க யாரும்மா?"

"அக்கா. நான்தான் பாத்துக்கிடுதேன்."

அவர் அலமாரியிலிருந்து அவளுடைய ஃபைலை எடுத்துப் பிரித்தார். என் ஆதார் நகலைக் கேட்டார். கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் அதில் முகவரியை மாற்றவில்லை. ஒவ்வொரு மாதமும் மாற்ற வேண்டும் என்று நினைப்பேன். அவர் என் நகலையும் ஃபைலில் இருந்த அவள் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே இல்லம், ஒரே தெரு, பாதுகாவலர் என்ற இடத்தில் ஒரே பெயர்.

"நீங்களும் அங்கதானா?" என்றார், தணிந்த குரலில்.

அலுவலகங்களில் இந்த இடம் வரும்போது என் குரல் எப்போதும் உள்ளே போய்விடும். இந்த முறை போகவில்லை. "ஆமா. பதினெட்டு வயசு வரைக்கும்."

"அந்தப் பிள்ள துபாய்னு சொல்லித் திரியுது. எங்களுக்கு மொத நாள்லயே தெரியும் தங்கச்சி. நாங்க ஏன் வெளிய சொல்லப் போறோம்?"

"தெரிஞ்சுமா அண்ணாச்சி அப்பாவக் கூட்டிட்டு வான்னு சன்னல்ல வச்சுச் சொன்னிய?"

கேட்டது நானா என்று எனக்கே ஆச்சரியம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது எல்லாப் பிள்ளைக்கும் சொல்லுத வார்த்த. வாயில வந்துட்டு. தப்புதான்." பிறகு ஃபைலில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "பிள்ள வரலன்னதும் இந்த நம்பருக்குப் போட்டோம். ஹோம் நம்பர். அவுக, பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டு, இப்ப இங்க இல்லன்னாவ. அதுக்கு மேல யாருக்குப் போட? காய்ச்சல்னு யாராவது ஒருத்தர் ஒரு போன் பண்ணிச் சொல்லியிருந்தா இவ்வளவும் இல்லம்மா."

அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற கட்டத்தில் அந்தப் பழைய எண் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வெறும் இடம். நான் என் எண்ணை எழுதினேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். வழக்கம் போல நாலு தரம் சரிபார்த்தேன்.

பிறகு முதல்வர் அம்மாவிடம் போனோம். அவர் ஓபி சீட்டைப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் நாட்களை ஒப்புக்கொண்டார். உப்புக் கம்பெனிக்குப் போன நாட்களை ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் வந்து லேப் நேரத்தை ஈடு செய்தால்தான் பெயரை அனுப்புவேன் என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவள் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டாள். விரலில் துணி சுற்றியிருந்ததால் எழுத்து கோணியது. முதல்வர் அந்த விரலைப் பார்த்தார். தன் கையெழுத்தையும் போட்டார்.

துபாயைப் பற்றி நான் அவளிடம் பேசவில்லை. தோழிகளிடம் உண்மையைச் சொல் என்று அறிவுரை சொல்லலாமா என்று வாசல் வரை யோசித்தேன். அது அவள் சொல்ல வேண்டியது. எப்போது என்பதும் அவளுடையது.

அடுத்த இரண்டாம் ஞாயிறு எல்லோரும் இருக்கும்போது நடந்ததைச் சொன்னேன். இனிமேல் எங்களில் யார் அழுதாலும் கேட்பது என்று முடிவு செய்தோம்.

"அப்ப இனிமே எவளும் நிம்மதியா அழ முடியாதா?" என்று இறால் கம்பெனித் தோழி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் மறுவாரம் என்னோடு இல்லத்துக்கு வந்தவளும் அவள்தான். வரும் மே மாதம் சில பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். ஒவ்வொருத்தியின் ஃபைலிலும் அந்தக் கட்டத்தில் எங்களில் ஒருத்தியின் எண்ணையும் எழுதி அனுப்புங்கள் என்று வார்டனிடம் கேட்டோம். அவர் முதலில் மேலே கேட்க வேண்டும் என்றார். பத்து நாளில் சம்மதம் வந்தது. தோழிக்கு இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள். "ஒருத்தி வாயாடி, ஒருத்தி ஊமை. ரெண்டையும் என் தலையில கட்டிட்டிய" என்று புலம்பிக்கொண்டே அவர்களுடைய பிறந்தநாள்களைப் போனில் பதிந்துகொண்டாள்.

எண் கொடுத்ததோடு முடிந்துவிட்டதென்று நினைத்திருந்தேன். பரீட்சைக்கு முந்தின சனிக்கிழமை, குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எழுத்தர் அண்ணாச்சி.

"தங்கச்சி, மணி பத்தேகால். ஒங்க தங்கச்சி லேபுக்கு வரல."

சோப்புக் கையோடு அவளுக்குப் போட்டேன். நாலாவது மணியில் எடுத்தாள்.

"எங்கன இருக்க?"

"பஸ்லக்கா. ரெண்டாம் ரயில்வே கேட் போட்டிருக்கான். கூட்ஸ் போவுது."

"கொஞ்சம் முன்னாடி கெளம்பினா என்ன? காலைல சாப்டியா? குரல் ஏன் கம்முன மாதிரி இருக்கு? திரும்பக் காய்ச்சலா?"

"யக்கா, பஸ்ஸே பாக்குது. வைங்க போன."

அவள் அணைக்குமுன் பக்கத்தில் ஒரு பெண்குரல் யாருளா அது என்று கேட்டது. "எங்க அக்கா. இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் போன் போட்டு உயிர வாங்குவாவ" என்று இவள் சலித்துக்கொள்வது கேட்டது. தொடர்பு அறுந்தது.

குழந்தையின் தலையில் நுரை கண்ணுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமாகக் கழுவித் துவட்டினேன். கால் மணி நேரம் பொறுத்து, தொந்தரவு செய்கிறேனோ என்று தயங்கி, பிறகு அண்ணாச்சிக்குப் போட்டேன்.

"வந்துட்டாளா அண்ணாச்சி?"

"இந்தா, இப்பத்தான் படியேறுதா."